இரண்டாவது கேமரா தேடி, தடா வரைக்கும்

கேமரா பார்க்கப் போனவர்கள் இரண்டு பேர்: நானும் சார்லஸும். வராதவர்கள் இரண்டு பேர்: கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்த தாமு அண்ணன், யாருக்காக அந்தக் கேமராவோ அந்த மெர்சி. தாமு அண்ணன் சென்னையில் பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். மெர்சி, சார்லஸ் கட்டிக்கொள்ளப் போகும் பெண். ஆக, தெரிந்தவரும் வரவில்லை, கேட்டவரும் வரவில்லை. ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒரு பைக்கில் கிளம்பினோம்.

நானும் சார்லஸும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் தரப் பரிசோதனை, அவன் சரக்கு அனுப்பும் பிரிவு. லீவு நாளில் நான் ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பேன். என்னிடம் இருப்பது ஒரே கேமரா, என்னைவிட வயதில் மூத்தது. சார்லஸின் நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் எடுத்தேன். முப்பத்தாறு படம். கழுவி வந்தபோது ரோல் முழுக்க வெறுமை. ஃபிலிமின் நுனியைச் சுருள் சக்கரத்தில் நான் சரியாகச் செருகவில்லை. ஒவ்வொரு முறையும் கைப்பிடி சுற்றியது, சத்தம் வந்தது, உள்ளே ஃபிலிம் மட்டும் நகரவே இல்லை.

"லேப்காரன் கெடுத்துட்டான்" என்று சார்லஸ் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மெர்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"ரெண்டு கேமரா வெச்சிருந்தா ஏழுமல அண்ணனே எடுக்கட்டும். ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு இருக்கும். இல்லன்னா ஸ்டுடியோல சொல்லிடலாம். படம் வரலன்னு நான் இன்னொரு வாட்டி தாலி கட்டிக்கினு நிக்க முடியாது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் சொல்லும் ஏழுமலை அண்ணன் நான்தான். கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. எந்தக் கேமரா வாங்குவது என்பது மட்டும் தெரியவில்லை.

ஃபோனில் விற்பனை விளம்பரங்களைப் பார்த்துக் கிளம்பினோம். முதல் ஞாயிறு திருவள்ளூர். பெரியபாளையம் வழியாகப் போனோம். அது தப்பு. ஆடி மாதம் என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. வேன், டிராக்டர், ஷேர் ஆட்டோ என்று அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் ரோடு முழுக்க நின்றது. வேப்பிலை கட்டிய பிள்ளைகள், பொங்கல் பானையோடு பெண்கள். நடுவில் எங்கள் பின்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கோயிலுக்கா வந்தீங்க?"

"இல்லைங்க, கேமரா வாங்கப் போறோம்."

"கையில ஃபோன் கீதே. அதுல எடுக்க முடியாதா?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். சார்லஸ் என் தோளைப் பிடித்து, "நைனா, இவன்கிட்ட இந்தக் கேள்வி மட்டும் கேக்காத, ஒன் கடைய மூடுற வரைக்கும் பேசுவான்" என்றான். அங்கேயே நாஷ்டா முடித்தோம். கூட்டத்துக்கு என்று அவசரமாகச் சுட்ட வடை, நடுவில் மாவாகவே இருந்தது. எங்கள் கம்பெனி கேன்டீன் வடை எவ்வளவு நல்ல வடை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருவள்ளூரில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீடு. கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். விற்பவர் என் வயதுதான் இருப்பார். பெயர் வரதன். நெற்றியில் திருமண், கையில் பெரிய கறுப்புக் கேமரா.

"வாங்கோ, உக்காருங்கோ. இது எல்லாத்தையும் தானே பாத்துக்கும். ஃபோகஸ், வெளிச்சம், சுத்தறது எல்லாம். நீங்க அமுக்கினா போதும்."

அமுக்கினேன். கொசு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. மேலே உள்ள சின்னத் திரையில் எட்டு என்ற எண்ணின் பாதி மட்டும் தெரிந்தது. அது மூன்றா எட்டா என்று வரதனுக்கும் தெரியவில்லை. "பேட்டரி மாத்தினா சரியாயிடும்னு நினைக்கறேன்" என்றார். அந்த பேட்டரி எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

தாமு அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். ஃபோனை ரொம்ப நேரம் பார்க்கக் கூடாதே, எழுதாமல் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார். "எலக்ட்ரானிக் பாடி வேணாம். ஒங்கிட்ட இருக்கறது மாரியே ஒண்ணு வாங்கு. லென்ஸு ரெண்டுக்கும் பொருந்தும்." சரி என்று எழுந்தோம். அதற்குள் அடுத்த பதிவு. "ஆனா ஒரே மாடலா வாங்காத. ரெண்டுக்கும் ஒரே வியாதி ஒரே நேரத்துல வரும்." இரண்டையும் சேர்த்து மூன்று முறை கேட்டேன். என்ன வாங்கச் சொல்கிறார் என்று புரியவில்லை. வரதன் வீட்டில் கொடுத்த புளியோதரை மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் நன்றாக இருந்தது.

புதன்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்து திருநின்றவூர். பைக் வேண்டாம், ரயிலில் போகலாம் என்றேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, அந்தப் பக்கம் போகும் ரயில் என்று ஏறி உட்கார்ந்தோம். அது வேக வண்டி. திருநின்றவூர் பிளாட்பாரம் ஜன்னலில் ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் மறுபடியும் திருவள்ளூர்.

"புளியோதரை சாப்ட்டுப் போலாமா?" என்றான் சார்லஸ்.

எதிர் ரயில் பிடித்துத் திருநின்றவூர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட். கோகுல் என்பவர் அப்போதுதான் சென்னை ஆபீஸிலிருந்து வந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு கதவைத் திறந்தார். மேஜை மேல் எட்டு கேமரா வைத்திருந்தார். எட்டும் பளபளவென்று இருந்தன. எங்கள் வீட்டில் எட்டு தட்டு கிடையாது.

"நீங்க என்ன மாதிரி ஃபோட்டோகிராஃபர், ப்ரோ?" என்று கேட்டார். "அதப் பொறுத்துதான் பாடி."

சார்லஸ் முந்திக்கொண்டான். "நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தா ஒண்ணும் வராது. அந்த மாதிரி."

கோகுல் சிரிக்காமல் தலையாட்டினார். அவர் சொன்ன விலையில் குறைந்ததே பதினெட்டாயிரம். வாங்க முடியாது என்று தெரிந்தும், மனிதர் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பழைய கேமரா வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இப்போது அப்பா மில்லில் லோடு ஏற்றுகிறார். எதையும் எழுதி வைத்து, எழுதிய வரிசைப்படி செய்வது என் பழக்கம். அப்படித்தான் பாஸ் ஆனேன்.

முதல் வரி: பின்கதவைத் திறந்து, ஓரத்து ஸ்பாஞ்சு உதிர்கிறதா பார்க்கவும். இரண்டு: ஷட்டர் துணியில் ஓட்டை. மூன்று: வேகங்கள். இப்படிப் பதினொன்று. முதல் வரியைச் சொன்னபோது கோகுல் கூடவே வேறொன்றும் சொன்னார். "உள்ள ரோல் இல்லன்னு பாத்துக்கிட்டுத் தொறங்க" என்றார். அதை எழுதவில்லை. ரோலோடு யார் கேமரா விற்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது பயணம் அடுத்த ஞாயிறு. சார்லஸின் பிரிவில் தடாவிலிருந்து தினமும் வேலைக்கு வரும் ஒருவர், தன் தெருவில் ஒரு வீட்டில் பழைய கேமரா இருக்கிறது என்று சொல்லியிருந்தார். எளாவூர் தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டினால் வேறு மாநிலம். வெளிநாடு போனது இல்லை நான். கடைப் பலகையில் எழுத்து மாறியதே போதுமானதாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆகிவிட்டேன். ஹோட்டல் பலகையைப் பார்த்து நான் நிற்க, சார்லஸ் உள்ளே போய்க் கேட்டு வந்தான். அவனுக்குத் தெலுங்கு தெரியும். பெசரட்டு வந்தது, நடுவில் உப்புமா வைத்து. தோசைக்குள் உப்புமாவை வைத்தால் எங்கள் ஊரில் சண்டை வரும். இங்கே ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

வீட்டில் இருந்தவர்கள் ஸ்ரீலதா அக்காவும் மகள் பாவனாவும். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறார், அன்றைக்கு விஜயவாடா பக்கம் போயிருந்தார். பாவனா பதினொன்றோ பன்னிரண்டோ படிக்கிறாள், கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். மகள் சிரித்தாள். சார்லஸ் என் காதில் மொழிபெயர்த்தான்: "இந்த ஒல்லிப் பையன் டப்பு குடுத்து சோறு வாங்கித் தின்னட்டும், கேமரா எதுக்காம்."

கேமரா நன்றாக இருந்தது. என்னுடைய அதே கம்பெனி, அடுத்த மாடல். லென்ஸ் பொருந்தும், வியாதி வேறாக இருக்கும். தாமு அண்ணன் சொன்ன இரண்டும் ஒன்றாகப் பொருந்திய ஒரே கேமரா. அக்கா மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார். சார்லஸ் பேசிப் பேசி இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறக்கினான். அக்கா டீ போட உள்ளே போனார். நான் நோட்டை மடியில் விரித்தேன். முதல் வரி. குமிழைப் பிடித்து மேலே இழுத்தேன். பின்கதவு திறந்தது.

உள்ளே ஃபிலிம் இருந்தது.

மூடிவிட்டேன். இரண்டு நொடி இருக்கும், மூன்றும் இருக்கலாம். மேலே படங்களின் எண்ணிக்கை காட்டும் சின்ன வட்டத்தைப் பார்த்தேன். கதவு திறந்தால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும், போயிருந்தது. அதற்கு முன் என்ன காட்டியது? பார்த்தேனா, பார்க்கவில்லையா? அதுகூட ஞாபகம் இல்லை.

"இன்னாடா?" என்றான் சார்லஸ்.

"உள்ள ரோலு கீது."

"யாரும் பாக்கல. பணத்தக் குடு, கிளம்பலாம்."

அக்கா டீயோடு வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "இதுல என்னக்கா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இவ மொதல் பர்த்டேக்குன்னு வாங்கினாரு. அன்னிக்கு எடுத்ததுதான். ரோலைக் கடையில குடுத்தாராம், கடைக்காரன் தொலைச்சிட்டான்னாரு. அப்பறம் பீரோல வெச்சது." சுவரைக் காட்டினார். எல்.கே.ஜி. யூனிஃபார்மில் பாவனா ஒரே ஒரு படத்தில் இருந்தாள். "அதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணும் இல்ல. இருந்த ஆல்பமும் ஒரு மழைல ஊட்டுக்குள்ள தண்ணி வந்து ஊறிப்போச்சு."

சார்லஸ் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தான். நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் லேப்காரரைத் திட்டிய அத்தனை பேர் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே பதினாறு வருஷமாக ஒரு கடைக்காரர் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நான் எழுந்து போனால், இன்னும் எத்தனை வருஷம் வாங்குவார் என்று தெரியாது. இந்த ரோல் இருந்தது என்பதே இவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

"அக்கா, ரோலு கடைக்குப் போகல. இதுக்குள்ளதான் இருந்தது. பாக்காம நான் கதவத் தொறந்துட்டேன். வெளிச்சம் பட்டா படம் போயிடும். எவ்ளோ போச்சுன்னு எனக்குத் தெரியல."

அக்காவுக்குப் புரியவில்லை. பாவனாவுக்கும் முழுதாகப் புரியவில்லை. "ஃபோன்ல டிலீட் ஆன மாரியா?" என்று கேட்டாள்.

"அதுலயாவது திரும்ப எடுக்க வழி இருக்கும். இதுல இல்ல."

அவள் புத்தகத்தை மூடினாள். அக்கா கேமராவை என் கையிலிருந்து வாங்கி, சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல முந்தானையில் வைத்துக்கொண்டார். பிறகு மகளிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். அதைச் சார்லஸ் அப்போது மொழிபெயர்க்கவில்லை, திரும்பி வரும் வழியில்தான் சொன்னான்: "பதினாறு வருஷமா யாரையோ திட்டினேன் பாரு."

என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "கேமரா இப்ப விக்கல. ரோலக் கழுவிக் கொண்டாங்க. என்ன இருக்குதோ பாத்துட்டு அப்பறம் பேசலாம்."

ஃபிலிமைச் சுற்றி டப்பாவுக்குள் ஏற்றி எடுத்துக்கொண்டேன். ரோல் ஒன்று வாங்கிப் போகிறேன் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். தமிழில் எழுதியதை அக்காவால் படிக்க முடியாது. வாங்கி பீரோவில் வைத்தார்.

எளாவூர் டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சார்லஸ் ஆரம்பித்தான்.

"பேஜாரு புடிச்சவன்டா நீ. ரெண்டாயிரத்தி எட்நூறுல முடிஞ்சது. இப்ப கேமராவும் போச்சு, கல்யாணத்துக்குப் பத்து நாளுதான் கீது. மெர்சிகிட்ட இன்னா சொல்லப் போற?"

"உண்மைய" என்றேன். அதே சூட்டில் ஃபோனை எடுத்து மெர்சியைக் கூப்பிட்டேன். நிச்சயதார்த்தப் படம் போனதற்கு லேப்காரர் காரணம் இல்லை, நான்தான் என்றேன். ஃபிலிம் நுனி, சுருள் சக்கரம் எல்லாம் விளக்கினேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும் அண்ணா. சார்லஸு பொய் சொன்னா காது செவந்துடும். நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"ரெண்டு கேமரான்னு சொன்னேன்ல. அதுல மாத்தம் இல்ல."

லேப்பில் ஐந்து நாள் ஆனது. முடிவு வந்த அன்று தாமு அண்ணன் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணால் பார்த்தார். பத்தொன்பது படம் எடுத்திருக்கிறார்கள். ஒன்பது பிழைத்திருந்தன.

"மொதல்ல எடுத்தது உள்ளாரப் போய்ச் சுத்திக்கும். அது மேலதான் அடுத்தடுத்து சுத்தும். வெளிச்சம் பட்டா மேல கீறது போயிடும், உள்ள கீறது தப்பிக்கும். மொதல் ஒம்போது தப்பிச்சிருக்குது" என்றார். "ஆனா இதப் போய் எப்படிடா காட்டுவ?"

அந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமை தடா போனோம். கல்யாணம் புதன்கிழமை.

ஸ்ரீலதா அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படங்களை வாங்கினார். முதல் படம் ஒரு லாரி. புது லாரி, மாவிலைத் தோரணம், பெரிய மாலை. இரண்டாவது படம் அதே லாரி, பக்கவாட்டில். மூன்றாவது, லாரியின் பின்பக்கம். நான்காவது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஏழு படம் வரை லாரிதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது படத்தில் லாரியின் பம்பர் மேல் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். பூப்போட்ட கவுன், நெற்றியில் பெரிய பொட்டு. பிடித்திருந்த அக்காவின் கை மட்டும் தெரிந்தது. ஒன்பதாவதில் அதே குழந்தை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீ மாதிரி ஒரு வெளிச்சம். அது நான் திறந்த கதவு.

பாவனா இரண்டு படத்தையும் வாங்கி, ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தாள். "யாருக்குப் பர்த்டே? லாரிக்கா?" என்றாள்.

அக்கா கணவருக்கு ஃபோன் போட்டார். தெலுங்கில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சார்லஸ் வாயைப் பொத்திக்கொண்டு மொழிபெயர்த்தான்: "அந்தக் கடைக்காரன் வந்திருக்கான், ஒங்க ரோலைக் கழுவிக் குடுத்துட்டான்." அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "லாரி ஏழும் நல்லாக் கீது. புள்ள படம் மட்டும் ஏன் ரெண்டோட நின்னுபோச்சு?"

தாமு அண்ணன் சொன்னதையே சொன்னேன். முதலில் எடுத்தது உள்ளே போய்விடும், கடைசியில் எடுத்தது மேலே இருக்கும் என்று ஒரு துணியை விரலில் சுற்றிக் காட்டினேன். பாதித் துணி சுற்றும்போதே புரிந்துகொண்டார். கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. கேமராவை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார்.

"மூவாயிரத்தி ஐந்நூறு."

"அக்கா, ரெண்டாயிரத்தி எட்நூறுன்னு பேசினோமே" என்றான் சார்லஸ்.

"அப்ப வேலை செய்யுமா செய்யாதான்னு எனக்குத் தெரியாது. இப்பதான் படம் வந்துக்குதே. பதினாறு வருஷம் பீரோல கெடந்தும் நல்லா எடுத்திருக்குது. இது நல்ல கேமரா."

சார்லஸ் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. பணத்தைக் கொடுத்தேன். இதை நஷ்டம் என்பதா, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை.

அக்கா பணத்தை எண்ணாமல் பீரோவில் வைத்தார். "ரோலு வெச்சிருக்கியா நைனா?"

கல்யாணத்துக்கு வாங்கிய ரோல்களில் ஒன்று பையில் இருந்தது. அங்கேயே போட்டேன். நுனியைச் செருகி, சக்கரம் பிடித்துக்கொண்டதா என்று இரண்டு முறை பார்த்தேன். கதவை மூடிக் கைப்பிடியைச் சுற்றி, ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. அக்கா மகளை இழுத்து வாசல்படியில் தன் பக்கத்தில் நிறுத்தினார்.

"இப்ப இவள எடு. மொதல்ல இவ. அப்பறம் ஒங்க கல்யாணம், காரு, லாரி எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

எடுத்தேன். ஒன்று என்று வட்டத்தில் எண் நின்றது. இதன் மேல் கல்யாணப் படங்கள் சுற்றிக்கொண்டால், யாராவது தெரியாமல் கதவைத் திறந்தாலும் அது உள்ளே பத்திரமாக இருக்கும்.

கல்யாணத்தில் இரண்டு கேமராவும் மக்கர் பண்ணவில்லை. படங்களைப் பார்க்கும்போது மெர்சி முதல் படத்திலேயே கையை நிறுத்தி, "யாரு இவங்க, எங்க கல்யாணத்துக்கு வந்த மாரியே தெரியலையே" என்றாள். சார்லஸ் விவரம் சொன்னான். இந்த முறை அவன் காது சிவக்கவில்லை. அந்தப் படத்தின் ஒரு பிரதி தடாவுக்குப் போயிருக்கிறது.

கேமரா, லாரிப் படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டது, பெட்ரோல், பெரியபாளையம் பஞ்சர், நிற்காமல் போன ரயில் எல்லாம் சேர்த்து, கையில் இருந்த ஐயாயிரத்தில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு நான்காயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.